காலக்கெடு முடிவதற்குள்: காடு, நீர்நிலைப் பாதுகாப்பைத் தளர்த்தும் சட்டங்களை எதிர்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

2024 நவம்பரில் மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வெளியானபோது, பலருக்கும் எழுந்த கேள்வி ஒன்றுதான்: யாரைக் கேட்டு இதை ஏலம் விட்டார்கள்? பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022இல் தமிழ்நாடு அரசே அறிவித்த அரிட்டாபட்டியும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

ஏலம் விட்டது ஒன்றிய அரசு. அந்த அதிகாரம் அதற்குக் கிடைத்தது 2023இல். சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தில் செய்த ஒரு திருத்தம், டங்ஸ்டன் உள்ளிட்ட 24 கனிமங்களைத் தனியாகப் பட்டியலிட்டு, அவற்றை ஏலம் விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசின் கைக்கு மாற்றியது. மாநிலங்களவையில் அது நிறைவேறிய நாள் 2023 ஆகஸ்ட் 2. வனப் பாதுகாப்புச் சட்டத் திருத்தமும் அதே நாளில் அதே அவையில் நிறைவேறியது. அன்றைக்கு மேலூரில் யாரும் கொடி பிடிக்கவில்லை. அந்த மசோதாவில் அரிட்டாபட்டி என்ற பெயரே கிடையாது, அப்புறம் எப்படிப் பிடிப்பார்கள்?

மசோதாவில் ஊர்ப் பெயர் இருக்காது. அதைப் படித்து, நம் ஊர் அதற்குள் எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முக்கால்வாசி வேலை. மேலூர் மக்கள் கிராமசபைகளில் தீர்மானம் போட்டு, மதுரையை நோக்கிப் பேரணி நடத்தி, 2025 ஜனவரி 23 அன்று ஏலத்தை ரத்து செய்ய வைத்தார்கள். பெரிய வெற்றிதான். ஆனால் 2023இன் அந்தத் திருத்தம் அப்படியே இருக்கிறது. அடுத்த ஊருக்கு அடுத்த ஏலம் வரலாம். அதனால் இந்த வழிகாட்டி திட்டங்களைப் பற்றிப் பேசவில்லை, அவற்றுக்குக் கதவு திறந்துவிடும் சட்டங்களைப் பற்றிப் பேசுகிறது.

1. வந்திருப்பது எந்த வகை என்று பாருங்கள்

செய்தித்தாளில் எல்லாமே 'புதிய சட்டம்' என்றுதான் வரும். உண்மையில் நான்கு வகை உண்டு. ஒவ்வொன்றையும் எதிர்க்கும் இடமும் கால அளவும் வேறு.

முதலாவது, நாடாளுமன்ற மசோதா. மசோதாவைக் கொண்டுவரும் முன் குறைந்தது 30 நாள் மக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும் என்று 2014இல் ஒன்றிய அரசு ஒரு கொள்கை வகுத்தது. ஆனால் அது கொள்கைதான், சட்டம் இல்லை. பல மசோதாக்கள் அதைத் தாண்டிக் குதித்து நேராக அவைக்கு வந்துவிடுகின்றன.

இரண்டாவது, அறிவிக்கை. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைச்சகம் அரசிதழில் வெளியிடுவது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், சூழல் தாக்க மதிப்பீடு (ஒரு திட்டம் சுற்றுச்சூழலை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே கணிப்பது) எல்லாமே அறிவிக்கைகள்தான், நாடாளுமன்றம் நிறைவேற்றியவை அல்ல. இவற்றின் வரைவை வெளியிட்டு 60 நாள் ஆட்சேபணைக்கு அவகாசம் தருவது பொதுவிதி. சாதாரண மனிதருக்கு அகலமாகத் திறந்திருக்கும் கதவு என்றால் இதுதான்.

மூன்றாவது, அலுவலகக் குறிப்பாணை. பார்த்தால் ஓர் அதிகாரி இன்னொரு அதிகாரிக்கு எழுதும் கடிதம் போல இரண்டு மூன்று பக்கம் இருக்கும். இதற்கு வரைவு கிடையாது, அவகாசமும் கிடையாது. என்னைக் கேட்டால் நான்கில் இதுதான் ஆபத்தானது. அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்களுக்கான சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று 2025 செப்டம்பர் 8 அன்று வந்தது இப்படி ஒரு குறிப்பாணைதான். அதைத் திரும்பப் பெறச் சொல்லித் தமிழ்நாடு முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

நான்காவது, மாநிலச் சட்டமுன்வடிவு. இதைப் பற்றித் தனியாகவே சொல்கிறேன்.

2. கண்காணிப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள்

எல்லாரும் பார்ப்பார்கள் என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். குழுவில் ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். மின்னணு அரசிதழ்த் தளம், சுற்றுச்சூழல் அமைச்சகத் தளம், அனுமதிகளுக்கான பரிவேஷ் தளம், தமிழ்நாடு எழுதுபொருள் அச்சுத் துறை வெளியிடும் மாநில அரசிதழ் ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். நாடாளுமன்றக் கூட்டத்தொடர் தொடங்கும் முன் அறிமுகமாகவிருக்கும் மசோதாக்களின் பட்டியல் வெளியாகும். பிஆர்எஸ் என்ற ஆய்வு அமைப்பு ஒவ்வொரு மசோதாவுக்கும் சுருக்கம் போடுகிறது. சட்ட மொழி பழகாதவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

வரைவு கண்ணில் பட்டதும் முதலில் அரசிதழ்த் தேதியைப் பார்த்து, கடைசி நாளைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். வரைவின் முகப்பில் இருக்கும் தேதியும் அரசிதழில் வெளியான தேதியும் வேறாக இருக்கலாம். 2020ஆம் ஆண்டு சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவில் மார்ச் 23 என்று தேதியிட்டிருந்தது. அரசிதழில் வந்தது ஏப்ரல் 11, ஊரடங்கின் நடுவில்.

3. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்

நான் முதலில் செய்த தவறு, திருத்த மசோதாவை மட்டும் படித்தது. 'பிரிவு 2இல் விளக்கத்துக்குப் பதிலாகப் பின்வருவது சேர்க்கப்படும்' என்று போனால் ஒன்றும் புரியாது. மூலச் சட்டத்தை அச்செடுத்து, நீக்கும் வரிகளைச் சிவப்பிலும் சேர்க்கும் வரிகளைப் பச்சையிலும் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். போகட்டும்.

எங்கே உற்றுப் பார்க்க வேண்டும்? வனச் சட்டத் திருத்தத்தையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

நோக்க உரையை நம்பி ஏமாறாதீர்கள். அந்த மசோதாவின் முன்னுரை காலநிலை, மரம் வளர்ப்பு என்று பேசியது. உள்ளே போனால் விலக்குகள் வரிசையாக இருந்தன. சட்டத்தின் பெயரையே மாற்றிப் பாதுகாப்போடு 'வளர்ப்பு' என்றும் பொருள்படும் ஓர் இந்திப் பெயரைச் சூட்டினார்கள். பெயரில் ஒன்றைச் சேர்க்கும்போது உடம்பில் எதைக் கழிக்கிறார்கள் என்று பாருங்கள்.

அடுத்து, தேதிகள். சட்டப்படி காடாக அறிவிக்கப்பட்டிருந்தாலோ, 1980 அக்டோபர் 25 அன்றோ அதற்குப் பின்னரோ அரசு ஆவணத்தில் காடு என்று பதிவாகியிருந்தாலோதான் சட்டம் பொருந்தும் என்றது திருத்தம். தேதி என்பது பார்க்க அப்பாவியாக இருக்கும். ஆனால் பதிவேட்டில் ஏறாமல் நிற்கும் காடுகள் அத்தனையும் அந்த ஒரு வரியில் வெளியே தள்ளப்படும்.

அப்புறம் அளவுகள். நாட்டின் எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் தேசப் பாதுகாப்பு சார்ந்த நீள்வழித் திட்டங்களுக்கு (சாலை, ரயில் பாதை போன்றவை) விலக்கு. பாதுகாப்புக் கட்டமைப்புக்கு 10 ஹெக்டேர் வரை விலக்கு. வடகிழக்கின் சிறிய மாநிலங்களுக்கு 100 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய மாநிலம் முழுக்க என்று பொருள். மிசோரம் சட்டப்பேரவை இதை எதிர்த்துத் தீர்மானம் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. வரைபடத்தை எடுத்துக் கவராயத்தால் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள், பத்திப் பத்தியாக எழுதுவதைவிட அது வேகமாகப் புரியவைக்கும்.

கடைசியாக, 'ஒன்றிய அரசு குறிப்பிடும் இதர' என்ற சொற்கள். சட்டத்தில் 'இதர' வந்தால் அது வெற்றுக் காசோலை. பின்னாளில் ஒரு குறிப்பாணை போட்டு அதில் எந்தத் தொகையையும் நிரப்பிக்கொள்ளலாம். உயிரியல் பூங்கா, சஃபாரி, சூழல் சுற்றுலா எல்லாம் காடு சார்ந்த பணிகள்தான் என்று சேர்த்துவிட்டு, அந்தப் பட்டியலின் வாலில் இப்படி ஒரு சொல்லை வைத்தார்கள்.

4. உங்கள் ஊர்மொழிக்கு மாற்றுங்கள்

உட்பிரிவைப் புரிந்துகொண்டதும் கேளுங்கள்: இது சட்டமானால் எங்கள் ஊரில் எந்தச் சர்வே எண் பாதுகாப்பை இழக்கும்? கண்மாய், மேய்ச்சல் புறம்போக்கு, கோயில் காடு, தேரிக்காடு, கழிமுகம், பறவைகள் வந்திறங்கும் சதுப்பு. கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் (ஊரின் நிலங்களைச் சர்வே எண் வாரியாகப் பட்டியலிடும் பதிவேடு) கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி டீக்கடையில் வைத்தால் படிப்பார்கள். எண்பது பக்க வரைவை யாரும் படிக்க மாட்டார்கள்.

மொழியும் ஒரு கோரிக்கைதான். 2020ஆம் ஆண்டின் அந்தச் சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் கிடந்தபோது, விக்ராந்த் தோங்கட் என்ற சூழல் செயற்பாட்டாளர் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனார். அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்க வேண்டும், ஆகஸ்ட் 11 வரை அவகாசம் தர வேண்டும் என்று 2020 ஜூன் 30 அன்று நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒன்றிய அரசு அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை போனது. ஒரு மொழிபெயர்ப்புக்காக இத்தனை மல்லுக்கட்டு! அதற்குள் ஆட்சேபணைகள் லட்சக்கணக்கில் குவிந்துவிட்டன. அந்த வரைவு இறுதி அறிவிக்கையாக வரவே இல்லை.

5. ஆட்சேபணை எழுதுவது

இயற்கையை அழிக்காதீர்கள் என்று உருக்கமாக எழுதினால் அது குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது, 'பொதுவான கருத்துகள்' என்ற கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். எந்த உட்பிரிவு, இப்போதைய நிலை என்ன, புதிதாக என்ன மாறுகிறது, அதனால் உங்கள் இடத்தில் என்ன நேரும், அதற்குப் பதில் என்ன வேண்டும் என்ற ஐந்தும் கடிதத்தில் இருக்க வேண்டும்.

2020 வரைவை வைத்து ஒரு மாதிரி:

"பொருள்: சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை 2020, உட்பிரிவு 22 மீது ஆட்சேபணை. முன் அனுமதி பெறாமல் தொடங்கிய திட்டங்களைப் பின்னர் முறைப்படுத்த இந்த உட்பிரிவு வழி செய்கிறது. விதிமீறலைத் திட்டக்காரரோ அரசு அமைப்புகளோ மட்டுமே தெரிவிக்க முடியும், பொதுமக்கள் தெரிவிக்க இடமில்லை. எங்கள் ஊர் ஏரிக்கரையை ஒட்டி ஒரு ஆலை அனுமதியின்றி இயங்கினால் அதை முதலில் அறிபவர்கள் நாங்கள்தான். ஆகவே உட்பிரிவு 22ஐ முழுமையாக நீக்க வேண்டும். அதுவரை, பொதுமக்கள் தரும் புகாரையும் விதிமீறல் தகவலாக ஏற்க வேண்டும்."

அவ்வளவுதான். ஒரு கடிதத்துக்கு ஓர் உட்பிரிவு போதும். அதே வரைவில் கருத்துக்கேட்புக்கான அவகாசத்தை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைத்தது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டிய இணக்க அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை ஆக்கியது போன்றவற்றை ஊரில் வேறொருவர் எழுதட்டும். மீனவர் மீனவராகவும் விவசாயி விவசாயியாகவும் ஆசிரியர் ஆசிரியராகவும் எழுதினால் கடிதத்துக்குக் கனம் கூடும். ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் நகலெடுத்து அனுப்பினால் எண்ணிக்கை கிடைக்கும், வாதம் ஒன்றுதான் மிஞ்சும்.

தமிழில் எழுதலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாக எழுதலாம். குறைகளைத் தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ பயன்படும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் கொடுக்கும் உரிமையை அரசமைப்பின் 350ஆவது பிரிவு தந்திருக்கிறது. அந்த எண்ணைக் கடிதத்தின் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.

மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், விரைவு அஞ்சலிலும் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நாளை வழக்குப் போட நேர்ந்தால், காலக்கெடுவுக்குள் ஆட்சேபித்தோம், பதில் இல்லை என்று காட்ட அந்தத் துண்டுச் சீட்டுத்தான் ஆதாரம்.

6. கிராமசபை

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. காலக்கெடுவுக்குள் எது வருகிறதோ அதில் தீர்மானம் வையுங்கள். பொருள் நிரலில் சேர்க்கச் சொல்லி முன்கூட்டியே ஊராட்சித் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள், அன்றைக்கு எழுந்து கேட்டால் 'அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்' என்பார்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். ஒன்றியச் சட்டத்தை ஒரு கிராமசபைத் தீர்மானம் தடுத்துவிடாது. ஆனால் அது தனிமனிதர்களின் கோபத்தை ஊரின் பதிவாக மாற்றுகிறது. மேலூர்ப் பக்கம் அதுதான் நடந்தது.

7. மக்களவை உறுப்பினரிடம் போவது

மசோதா அறிமுகமானதும் நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கோ (ஒரு துறையை நிரந்தரமாகக் கவனிக்கும் குழு) கூட்டுக்குழுவுக்கோ (இரு அவை உறுப்பினர்களையும் கொண்டு அமைக்கும் குழு) போகிறதா என்று பாருங்கள். வன மசோதா 2023 மார்ச் 29 அன்று அறிமுகமாகிக் கூட்டுக்குழுவுக்குப் போனது. சுற்றுச்சூழல் துறையைக் கவனிக்கும் நிலைக்குழுவுக்கு ஏன் அனுப்பவில்லை என்று அதன் தலைவராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் அப்போதே ஆட்சேபித்தார். ஜூலையில் ஒரு மாற்றமும் இல்லாமல் மசோதா குழுவிலிருந்து திரும்பி வந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் மாற்றுக்கருத்துக் குறிப்பு எழுதினார்கள். சரி, பயனில்லை என்றுதானே தோன்றும்? அந்தக் குறிப்புகள் நிரந்தர ஆவணம். பின்னாளில் வழக்குப் போடுபவர்கள் தூசி தட்டி எடுப்பது இவற்றைத்தான்.

குழு மக்கள் கருத்தைக் கேட்டு விளம்பரம் கொடுக்கும், பெரும்பாலும் 15 நாள்தான் இருக்கும். உங்கள் தொகுதி உறுப்பினர் அந்தக் குழுவில் இல்லை என்றாலும் அவரைப் பாருங்கள். பத்துப் பக்க மனு வேண்டாம். அவர் அவையில் அப்படியே வாசிக்கக்கூடிய ஒரு திருத்த வாசகத்தையும் ஒரு கேள்வியையும் ஒரே தாளில் கொடுங்கள். அவரை விட அவருடைய உதவியாளரிடம் விளக்க நேரம் செலவிடுவது சில நேரம் நல்ல பலன் தரும்.

8. மாநிலச் சட்டம் என்றால் வேகம் வேண்டும்

2023 ஏப்ரல் 21. தமிழ்நாடு சட்டப்பேரவைக் கூட்டத்தொடரின் கடைசி நாள். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் அன்று நிறைவேறியது. நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்கள்) சட்டமுன்வடிவும் அன்றே நிறைவேறியது. முதலாவதைத் தொழிற்சங்கங்கள் விடவில்லை. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்று நாளில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார்.

இரண்டாவது? 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களுக்கு, அவற்றின் எல்லைக்குள் ஏரி, ஓடை, வாய்க்கால் இருந்தாலும், அவற்றையும் சேர்த்து நிலத்தை ஒருங்கிணைத்துக் கொடுக்க வழிசெய்வது அது. விவாதமே இல்லாமல் நிறைவேறிச் சட்டமாகிவிட்டது. சூழல் அமைப்புகளும் விவசாயச் சங்கங்களும் பிறகு எதிர்த்துப் பேசின. ஒரே அவை, ஒரே நாள். ஒன்றுக்கு மறுநாளே தெருவில் நிற்க ஆட்கள் இருந்தார்கள், இன்னொன்றுக்கு அதைப் படித்து முடிக்கவே எங்களைப் போன்றவர்களுக்கு வாரங்கள் ஆயின. ஏரிகளுக்குத் தொழிற்சங்கம் இல்லை என்று ஒரு நண்பர் அப்போது சொன்னார், சிரிப்பு வரவில்லை.

ஆகவே கூட்டத்தொடரின் கடைசி மூன்று நாள் அவை நிகழ்ச்சி நிரலை யாராவது கவனிக்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினரிடம் ஒரே கோரிக்கை வையுங்கள்: தெரிவுக்குழுவுக்கு (சட்டமுன்வடிவை ஆராயும் உறுப்பினர் குழு) அனுப்பக் கேளுங்கள். நிறைவேறிவிட்டால் ஆளுநர் ஒப்புதலுக்குமுன் முதல்வருக்கு மனு, கூட்டணிக் கட்சிகளின் மாவட்ட அலுவலகங்களுக்கு நேரில் நடை. ஆளுங்கட்சியை அசைப்பது எதிர்க்கட்சியின் குரலைவிடக் கூட்டணிக் கட்சியின் முணுமுணுப்புத்தான்.

9. நீதிமன்றம்

பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்பார்கள். திட்ட அனுமதிகளை எதிர்க்க அது சரியான இடம். சட்டத்தையோ விதியையோ செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ஸ்டெர்லைட் வழக்கில் 2019இல் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. அதற்கு உயர்நீதிமன்றமோ உச்சநீதிமன்றமோதான்.

காடு என்றாலே நினைவுக்கு வரும் கோதவர்மன் வழக்கு நம் நீலகிரியின் கூடலூரில் மரம் வெட்டப்பட்டதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த ஒருவர் போட்டது. அகராதிப் பொருளில் எதெல்லாம் காடோ அதெல்லாம் காடு என்று 1996 டிசம்பர் 12 அன்று உச்சநீதிமன்றம் சொன்னது. 2023 திருத்தம் சுருக்கப் பார்த்தது இந்த வரையறையைத்தான். ஓய்வுபெற்ற வனப்பணி அதிகாரிகளும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில், அகராதிப் பொருளையே தொடர்ந்து பின்பற்ற வேண்டும் என்று 2024 பிப்ரவரி 19 அன்று இடைக்கால உத்தரவு வந்தது.

ஆனால் நீதிமன்றத்தை மட்டும் நம்பி உட்காராதீர்கள். திட்டத்தைத் தொடங்கிய பிறகு தரும் சூழல் அனுமதி செல்லாது என்று 2025 மே மாதம் வந்த தீர்ப்பை, அதே ஆண்டு நவம்பரில் உச்சநீதிமன்றமே இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

10. சட்டமான பிறகும் ஒரு சன்னல் உண்டு

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பித்து, வரைவுக்கு எத்தனை ஆட்சேபணைகள் வந்தன, எவற்றை எந்தக் காரணத்தால் நிராகரித்தார்கள் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மழுப்பலான பதில் வந்தாலும் அது மேல்முறையீட்டுக்கு உதவும்.

அதைவிட முக்கியம், விதிகள். வனச் சட்டத் திருத்தத்தின் விதிகள்படி, காடு போன்ற பகுதிகளையும் வகைப்படுத்தாத வன நிலங்களையும் அடையாளம் காண மாநிலங்கள் வல்லுநர் குழு அமைத்துப் பட்டியல் தயாரிக்க வேண்டும். பதிவேட்டில் இல்லாத காடு இந்தப் பட்டியலிலும் இல்லையென்றால் அதற்காக வாதாட ஒரு தாளும் மிஞ்சாது. கூடலூர் ஜென்ம நிலங்கள் (பழைய ஜமீன் வகை நிலங்கள்) போலப் பல பத்தாண்டுகளாக வழக்கில் கிடப்பவை, தனியார் பட்டாவில் நிற்கும் சோலைகள், கோயில் காடுகள், ஊருக்கு வெளியே யாரும் கணக்கெடுக்காத முட்புதர்க் காடுகள் என ஒவ்வொன்றையும் சர்வே எண், பரப்பு, இரண்டு மூன்று புகைப்படம், அங்கே பார்த்த பறவை, விலங்குகளின் பெயரோடு ஒரு தாளில் எழுதுங்கள். மாவட்ட வன அலுவலருக்கு ஒரு பிரதி, ஆட்சியருக்குத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஒரு பிரதி. உங்கள் கையில் இருக்கும் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.